குடும்பத் தலைவர் என்றொரு கட்டம்

சாய்ந்தமருது
2006 ஏப்ரல் 3

அன்புள்ள மச்சானுக்கு, றிஸ்லா ஸலாத்துடன் எழுதுவது.

நானும் மகளும் சுகம். இன்னும் ராத்தா வீட்டில்தான் இருக்கிறோம். ஸப்னாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதை வாப்பாவுக்கு அனுப்பச் சொல்லி அடம் பிடித்தாள். கடிதம் கனத்தால் முத்திரை கூடும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இது தொலைபேசியில் கதைக்கிற விஷயம் இல்லை, கடைக்காரன் முதல் பின்னால் நிற்கிறவர்கள் வரை காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அலுவலக மின்னஞ்சல் நமது பொறுப்பாளர் கனகரெத்தினம் ஐயா பெயரில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

கடல் கொண்டுபோன வீடுகளுக்குப் பதிலாகக் கரைவாகு வட்டையில் வயலை நிரப்பிக் கட்டுகிறார்களே, அதில் எனக்கும் ஒன்று வந்திருக்கிறது. யார் யாருக்கு எந்த வீடு என்று நமது அலுவலகம் அச்சடித்து, நோன்பு தொடங்க முன் பிரதேச செயலகக் கந்தோருக்குக் கொடுக்க வேண்டும். அதில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் உறுதிப் பத்திரம் எழுதுவார்கள்.

டோஹாவுக்குப் போகுமுன் நீங்கள் எழுதித் தந்த மென்பொருளில்தான் அச்சடிக்கிறோம். உங்கள் கதிரையில்தான் இப்போது நான் இருக்கிறேன். அதில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் வைத்தீர்கள். கணவன் உயிரோடு இருந்தால் அவன் பெயரைத் தானாக எடுத்து அதில் போட்டுக்கொள்கிறது. மனைவி பெயரை அடித்தால் ஏற்காது. கொழும்பிலிருந்து அப்படிக் கேட்டார்கள், நீங்களும் எழுதினீர்கள், தெரியும். ஆனால் நமது கரையில் வீடு யாருடையது, மச்சான்? பெண் பிள்ளைக்குத்தானே வீடு. மாப்பிள்ளை வந்து இருக்கிறவர்.

போன கிழமை பாத்தும்மா மாமி வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினா. “என்ட மனிசன மௌத்து எண்டு போடுங்க புள்ள. உறுதி எழுதினாப் பொறவு உசிராக்குவம்.” அந்த மனிசன் வெளியே சைக்கிளோடு நின்று வெற்றிலை சப்பிக்கொண்டிருந்தார். சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. எனக்கும் அதே நிலைதான். உங்கள் மென்பொருளில் எனக்கு வீடு கிடைக்க வேண்டுமானால் நீங்கள் மௌத்தாக வேண்டும்.

‘உரிமையாளர்’ என்று தனியாக ஒரு கட்டம் வைத்துத் தாருங்கள். உம்மா எனக்கு எழுதித் தந்த வீடு அது. கடல் உம்மாவையும் கொண்டுபோய் வீட்டையும் கொண்டுபோய்விட்டது. பெயரையாவது நான் விடமாட்டேன்.

றிஸ்லா


டோஹா
2006 ஏப்ரல் 21

அன்பின் றிஸ்லா,

அல்லாஹ் உனக்கும் பிள்ளைக்கும் சுகத்தைத் தரட்டும். என்னை மௌத்தாக்காமல் விட்டதற்கு முதலில் நன்றி. இங்கே வெயில் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் போலிருக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். ‘எனக்கும் ஒன்று வந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். நமக்கு என்று எழுத உன் கை போகவில்லை. எட்டு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். கூரை ஒழுகினால் ஏறினேன், கிணறு இறைத்தேன். உன் உம்மாவை நானும் உம்மா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது என் பெயரை அழிக்க என்னிடமே ஆயுதம் கேட்கிறாய். கோபம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனாலும் செய்திருக்கிறேன். வேலை முடிந்த பிறகு கம்பனிக் கணினியில் இருந்து முடித்தேன். ‘உரிமையாளர்’ கட்டம் வைத்த சீடியை, லீவில் வரும் கச்சிமுகம்மது நானாவிடம் கொடுத்து விடுகிறேன். இங்கே எல்லாம் புதிது. ஜாவா 5, டொம்காட் 5.5. அடுப்பு ஜாவா, பானை டொம்காட், சமைக்கிற முறை ஸ்ட்ரட்ஸ் என்று உனக்குச் சொல்லித் தந்தேனே, அந்த அடுப்பும் பானையும் இங்கே புத்தம் புதிது. என் மேசையில் பக்கம் அழகாக வந்தது. பழைய கோப்புகளை எடுத்துவிட்டு இதைப் போடு, அவ்வளவுதான்.

பல்லை எறியாமல் வைத்திரு. வரும்போது பார்ப்பேன்.

நௌபீர்


சாய்ந்தமருது
2006 மே 30

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

கச்சிமுகம்மது நானா சீடியைப் பேரீச்சம்பழத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தார். துடைத்துப் போட்டேன். சேர்வர் எழும்பவே இல்லை. 49.0 என்ற பதிப்பைத் தனக்குத் தெரியாது என்று ஆங்கிலத்தில் திட்டி, அப்படியே படுத்துவிட்டது.

நீங்கள் புது அடுப்பில் சமைத்ததை இங்கே இருக்கிற பழைய அடுப்பு ஏற்கவில்லை என்று விளங்கிற்று. சரி, அடுப்பையே மாற்றுவோம் என்று ஜாவா 5ஐத் தேடிப் போட்டேன். உங்கள் பக்கம் எழும்புவதற்குள் அதே கணினியில் ஓடுகிற கணக்குப் பிரிவின் மென்பொருள் விழுந்துவிட்டது. அது ஜாவா 1.4இல் மட்டும்தான் ஓடுமாம். அன்று யாருக்கும் சம்பளப் பத்திரம் அச்சாகவில்லை. கனகரெத்தினம் ஐயா என்னை ஏசவில்லை. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. எல்லாவற்றையும் பழையபடி ஆக்க இரண்டு நாள் போயிற்று.

ராத்தாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “தன்ட பேர அழிக்க எந்த ஆம்பிளதான் அவசரப்படுவான்?” என்று சொன்னா. மூத்த சகோதரி என்றும் பாராமல் நான் அவவை ஏசினேன். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். ஆனாலும் அந்தப் பேச்சு காதுக்குள்ளேயே நிற்கிறது, மச்சான். இதை உங்களுக்கு ஒளிக்க எனக்கு ஏலாது.

இன்னொரு சீடி அனுப்புங்கள். இந்த அடுப்புக்கு ஏற்றமாதிரி.

றிஸ்லா


டோஹா
2006 ஜூன் 14

றிஸ்லா,

ராத்தாவுக்கு என் ஸலாத்தைச் சொல். அவ நினைக்கிறமாதிரி சதி செய்யத் தெரிந்திருந்தால் நான் இந்த வெயிலில் ஏன் கிடக்கிறேன்?

அந்த அலுவலகத்தில் இன்னும் ஜாவா 1.4 ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உலகமே மாறிவிட்டது. பழைய இரும்பை வைத்துக்கொண்டு என்னைக் குறை சொல்கிறாய். ஒரு வேலைக்கு இரண்டு வேலை.

நிரல் முழுவதையும் 1.4க்கு ஏற்ப மாற்றி இத்துடன் அனுப்புகிறேன். அந்த 49 என்ற சத்தம் இனி வராது. பக்கத்தின் வடிவத்தில் நான் கைவைக்கவில்லை, அது நன்றாகத்தான் இருந்தது. இனிமேல் ஓடும்.

இங்கே சொல்ல வேறு புதினம் இல்லை.

நௌபீர்


சாய்ந்தமருது
2006 ஜூலை 20

மச்சானுக்கு,

ஓடியது. சேர்வர் எழும்பியது, பக்கமும் வந்தது. மகிழ்ச்சியில் பாத்தும்மா மாமிக்கு ஆள் அனுப்பினேன். அவவோடு இன்னும் ஐந்தாறு பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். அவவின் விவரத்தைத் திறந்து அச்சடித்தேன். ‘உரிமையாளர்’ என்று இருக்கிற இடத்தில் பெயர் இல்லை. ஒரு டொலர் குறி, பக்கத்தில் நெளிந்த அடைப்பு, அதற்குள் நீங்கள் நிரலில் எழுதிய சொல், அப்படியே பச்சையாக. எனக்கு அடித்தேன், அதே டொலர் குறி. எல்லாப் பெண்ணுக்கும் அதே. ஆண்களின் பெயர் மட்டும் பழைய கட்டத்தில் முத்து முத்தாக வருகிறது.

மாமி தாளை உற்றுப் பார்த்துவிட்டு, “இது அமெரிக்காக்காரன்ட வீடாக்கும்” என்று சொல்லிப் போனா. எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுவிடாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஏன் என்று தேடிப் பார்த்தேன். அந்த டொலர் எழுத்து புதிய டொம்காட்டுக்குத்தான் விளங்குமாம். நமது டொம்காட் அதைப் பெயராக மாற்றாமல், கண்டபடியே அச்சடித்துவிடுகிறது. இது நீங்கள் வேண்டுமென்று செய்ததா, கவனிக்காமல் செய்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் நோகிறது.

எல்லோரும் போன பிறகு நமது விவரத்தைத் திறந்தேன். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘உயிருடன்’, ‘மரணம்’ என்று இரண்டு குறி இருக்கிறதே. மரணம் என்பதில் மவுஸைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு அழுத்து அழுத்தினால் வீடு என் பெயருக்கு வந்துவிடும். யாருக்கும் தெரியாது. உம்மாவின் மையித்தைக் கடற்கரையில் அடையாளம் காட்டியவள் நான். அந்தக் குறியைப் போட எனக்குக் கை வரவில்லை. கணினியை நிறுத்திவிட்டு வந்துவிட்டேன்.

இனி நீங்கள் ஒரு நாளும் கேட்காததை நானே எழுதுகிறேன். ஜாவா 1.4. டொம்காட் 4.1. ஸ்ட்ரட்ஸ் 1.1. விண்டோஸ் 2000. நினைவகம் இரண்டு சேர்வரைத் தாங்காது. கணக்கு மென்பொருளும் இதே டொம்காட்டில்தான் இருக்கிறது, அதை அசைக்க முடியாது. இதுதான் இங்கே இருக்கிறது.

றிஸ்லா


டோஹா
2006 ஆகஸ்ட் 9

அன்பின் றிஸ்லா,

கடிதம் வந்த அன்று அந்த மரணக் குறியைப் பற்றி நீ எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை உயிரோடு விட்டுவிட்டுக் கணினியை நிறுத்திப் போனவளை நினைத்தால் எப்படிக் கோபம் வரும்?

வேண்டுமென்று செய்யவில்லை. அல்லாஹ் அறிவான். கவனிக்காமல்தான் செய்தேன். என் மேசையில் ஓடினால் உன் மேசையிலும் ஓடும் என்று நினைத்தேன்.

கல்யாணம் முடித்து உங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் கேற்றின் கொளுக்கியைக் கழற்றிவிட்டு, கல்முனையில் வாங்கிய இரும்புப் பூட்டைப் போட்டேனே, நினைவிருக்கிறதா? உம்மா மீன் பையோடு சந்தையால் வந்து, திறக்கத் தெரியாமல் வெயிலில் நின்றா. நான் ஓடிப்போய்த் திறந்தபோது ஏசவில்லை. “மாப்பிள்ள, கொளுக்கி நல்லாத்தானே கிடந்திச்சி. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே” என்றா. அன்றே பழையதைத் திரும்பப் போட்டேன். உன் கடிதத்தில் ‘ஒரு நாளும் கேட்காதது’ என்ற இடத்தை வாசிக்கும்போது உம்மாவின் குரல்தான் கேட்டது.

இன்னொன்றும் யோசித்தேன். தங்கச்சி லைலாவுக்கு வீடு கட்டிக் கொடுக்கத்தானே நான் இங்கே வந்தேன். அந்த வீடு யார் பெயரில் என்று யாராவது என்னிடம் கேட்டால் சிரித்திருப்பேன். அவளுடைய வீடு அவள் பெயரில்தான். நாளைக்கு அவளுக்கு வருகிற மாப்பிள்ளை அதில் தன் பெயரைக் கேட்டால் மருதமுனையில் எங்கள் வாசல்படி ஏறவிடமாட்டேன். உன் வீட்டில் நானே அந்த மாப்பிள்ளை என்பது எனக்குத் தோன்றவில்லை.

இந்தமுறை வேறு விதமாகச் செய்தேன். நீ எழுதிய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, ஒரு பழைய கணினியில் உன் மேசையை அப்படியே இங்கே கட்டினேன். அறையில் என்னோடு இருக்கிற பாண்டிருப்பு நிரோசன் பார்த்துவிட்டு, “எல்லாரும் மேல ஏறுறாங்க மச்சான், நீ என்னடா படி இறங்கிறாய்?” என்று கேட்டான். என் வீட்டுப் படி கீழேதான் இருக்கிறது என்றேன்.

பக்கத்தைத் திறந்தேன். எனக்கும் அதே டொலர் குறிதான் வந்தது. அதைக் கண்ணால் கண்ட பிறகுதான், வாசலில் அந்தப் பெண்களுக்கு முன் நீ நின்ற நிலை விளங்கியது.

டொம்காட் 5.0 என்று ஒன்று இருக்கிறது. அது ஜாவா 1.4லேயே ஓடும், டொலர் எழுத்தும் அதற்கு விளங்கும். அதை அனுப்பலாமா என்று யோசித்தேன். ஆனால் கணக்கு மென்பொருளை அதில் ஓட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை. நோன்புக்கு முன் உன்னை இன்னொரு சோதனைக்குள் தள்ள மனம் இல்லை. அதனால் சேர்வரில் எதையும் மாற்றாதே. இருக்கிறது இருந்தபடி இருக்கட்டும். டொலர் எழுத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்ட்ரட்ஸ் 1.1 இல் இருக்கிற பழைய குறிகளைக் கொண்டே பக்கத்தைத் திரும்ப எழுதினேன். நீளமான, அழகில்லாத எழுத்து. ஆனால் பெயர் வருகிறது. உன் பெயரை அடித்துத்தான் பார்த்தேன்.

‘உரிமையாளர்’ கட்டத்தில் தானாக எந்தப் பெயரும் வராது. வெறுமையாக விட்டிருக்கிறேன். வந்திருப்பவரிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டும்.

மூதூர்ப் பக்கம் நடக்கிற சண்டையை வானொலியில் கேட்டேன். கவனமாக இரு. ஸப்னாவைத் தனியே விடாதே.

நௌபீர்


சாய்ந்தமருது
2006 செப்டெம்பர் 18

அன்புள்ள மச்சானுக்கு, நிறைந்த மனதோடு ஸலாம்.

கடையடைப்பால் தபால் சுணங்கி, சீடி போன வியாழன்தான் கையில் கிடைத்தது. நோன்புக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. போட்டேன். ஒன்றுமே விழவில்லை. கணக்குப் பிரிவில் யாருக்கும் நான் எதையோ மாற்றியதுகூடத் தெரியாது.

முதலில் பாத்தும்மா மாமியைத்தான் கூப்பிட்டேன். “வீடு யாருடையது?” என்று கேட்டேன். இத்தனை நாள் யாரும் அவவிடம் அதைக் கேட்டதில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “என்டதான், புள்ள” என்று மெல்லச் சொன்னா. அடித்தேன், அச்சடித்துக் கையில் கொடுத்தேன். அவவுக்கு வாசிக்கத் தெரியாது. விரலை வைத்து எது தன் பெயர் என்று கேட்டா. காட்டினேன். அந்த இடத்தையே தடவிக்கொண்டு நின்றுவிட்டு, “அப்ப என்ட மனிசன் உசிரோடயே இரிக்கட்டும்” என்றா.

அன்றிலிருந்து ஓய்வில்லை. கனகரெத்தினம் ஐயா தானே வாசலில் கதிரை போட்டு இருந்து பெண்களை வரிசைப்படுத்தினார். “எங்கட பாண்டிருப்பிலயும் வீடு பொம்பிளப் பிள்ளைக்குத்தானே, பிள்ள. கொழும்பில இருக்கிறவங்களுக்கு இது எங்க தெரியப் போகுது?” என்றார். அவருடைய மகளின் தாளும் நேற்று அச்சாயிற்று. கட்டு முழுவதையும் இன்று காலை கந்தோரில் ஒப்படைத்துவிட்டு வந்தோம். கட்டம் கூடியிருக்கிறதே என்று கேட்டார்கள். ஐயா விளக்கிச் சொன்னார், ஏற்றுக்கொண்டார்கள்.

நமது தாளைக் கடைசியாக அடித்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, அதை நான் தொடவில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர். இரண்டும் ஒரே தாளில், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. ராத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, “நான் அப்பிடி ஒண்டும் சொல்லல்லியே” என்கிறா.

முதல் கடிதத்தில் ‘எனக்கும் ஒன்று’ என்று எழுதியது உங்களுக்கு நொந்தது என்று தெரியும். வீடு என்னுடையதுதான், அதை நான் மாற்றி எழுதமாட்டேன். ஆனால் நீங்கள் இல்லாத வீடு எனக்கு வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிட்டேன்.

றிஸ்லா


கரைவாகு
2009 ஜூன் 2

அன்புள்ள மச்சானுக்கு ஸலாம்.

மேலே முகவரியைப் பாருங்கள். சுவர் பூசி, மின்சாரம் வந்து, கதவுத் திறப்பைக் கையில் தர மூன்று வருடம் எடுத்தார்கள். போன வெள்ளிக்கிழமை குடிவந்துவிட்டோம். உறுதியில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. நான்கு தரம் பார்த்தேன்.

சண்டை முடிந்துவிட்டது என்று போன மாதம் வெடி கொளுத்தினார்கள். கனகரெத்தினம் ஐயா ஒரு கிழமை வேலைக்கு வரவில்லை. அவருடைய மருமகளின் வீட்டார் சண்டை நடந்த வன்னியில். வந்த அன்று நானே தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். இந்தமுறை கோப்பையில் சத்தமே வரவில்லை. அவர் இந்தக் கரையில் எத்தனை வீட்டுக்காக அலுவலக வாசலில் இருந்து பெண்களை வரிசைப்படுத்தியவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். வந்ததும் வராததுமாக டொம்காட் 6 போட வேண்டும், எல்லாம் பழசு என்கிறார். போடலாம், முதலில் இங்கே என்னென்ன ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். முகத்தைச் சுளித்தார். நீங்கள் அந்த வயதில் சுளித்த மாதிரியே இருந்தது.

இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். நேரே மருதமுனைக்குப் போய் லைலாவின் வீட்டையும் அவள் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றும் எழுதியிருந்தீர்கள். போங்கள். ஆனால் அங்கே தங்காதீர்கள். இத்தனை வருடம் லீவில் வந்தபோதெல்லாம் ராத்தா வீட்டில் விருந்தாளிபோல் சுவரோரம் படுத்தீர்கள்.

கல்யாணத்தன்று உங்களை வெள்ளைத் தொப்பியோடு வாசலில் இருந்து கூட்டி வந்தவர் என் வாப்பா. உள்ளே வரச் சொல்லி மாலை போட்டவ உம்மா. இப்போது இருவரும் இல்லை. வீட்டுக்காரி நான்தான் கூப்பிடுகிறேன். வாங்க, மச்சான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வயல் பக்கம் திரும்பினால் மூன்றாவது ஒழுங்கை. நான் வேலைக்குப் போயிருந்தாலும் வெளியே நிற்க வேண்டாம். கேற்றுக்குப் பூட்டு வாங்கவில்லை. பழைய மாதிரிக் கொளுக்கிதான் போட்டிருக்கிறேன். இடையால் கையை விட்டால் திறக்கும்.

றிஸ்லா